நடுவுல நிறுத்துங்கண்ணா

மீனாட்சிபுரம் எடைமேடையில் எனக்கு இரவு வேலை.
இளநீர் லாரி, தேங்காய் மட்டை, எப்போதாவது
எருமைகள் நின்றபடி உறங்கும் வண்டி.
ஏறும்போதெல்லாம் ஜன்னல் வழியே கத்துவேன்:
"நடுவுல நிறுத்துங்கண்ணா, நடுவுல!"
நிறுத்துவார்கள்.
பதினாறு டன், பத்துச் சக்கரம்,
ஒரு கையில் பீடி.

எனக்கோ மூன்று வாரமாய்
ஒரு பெட்டி நடுவுக்கு வர மாட்டேன் என்கிறது.
வெறும் பெட்டி. உள்ளே 'வணக்கம்' என்று ஒரு சொல்.
திரையின் உச்சியிலேயே ஒட்டிக் கிடக்கிறது,
விரட்டினாலும் இறங்காத பல்லியாக.

மார்ஜின் எது, பேடிங் எது என்று
முதலில் குழம்பினேன்.
பிறகு யார்டை எட்டிப் பார்த்தேன்.
சரக்கு அடிபடாமல் வைக்கோல் திணிப்பது பேடிங்.
வண்டிக்கும் வண்டிக்கும் விடுகிற இடம் மார்ஜின்.
பார்டரைப் பற்றி எனக்குப் பாடம் தேவைப்படவில்லை.
எங்கள் வீட்டுக் குழாய்த் தண்ணீர் கேரளா,
கோழிகள் மேய்ச்சலுக்குப் போவது தமிழ்நாடு.
ரேஷன் அட்டையில் என் பெயர்
மலையாளத்தில் கொஞ்சம் உருண்டிருக்கும்.
ஒரு பிக்சல், நேர்க்கோடு, சாம்பல் நிறம்
என்று எழுதினேன்.
இங்கே அது ஒரு வேகத்தடை;
தாண்டினால் போர்டுகளில் எழுத்து வளைகிறது, அவ்வளவுதான்.

கொல்லங்கோட்டிலிருந்து கூடப் படிக்கிறாள் ரம்ஷீனா.
"என்பிஎம் இன்ஸ்டால் கொடு, சரியாகும்" என்றாள்.
தேதியைத் தமிழில் காட்டத்தான் கேட்டேன்.
இருநூற்றுப் பதினான்கு எம்பி இறங்கியது,
விடிகிற வரைக்கும்.
தொழில் புத்தி, ஃபோல்டரை எடை போட்டேன்.
சரக்கு மூன்று வரி.
மிச்சமெல்லாம் தார்ப்பாய், கயிறு,
கயிற்றைக் கட்ட இன்னொரு கயிறு.
இப்படி ஒரு வண்டி என் மேடையில் ஏறினால்
முதலாளி ராக்கியப்பன்
ஃபோட்டோ எடுத்து வைத்துக்கொள்வார்.

எங்கள் முதல் கஸ்டமர்
இளநீர் மொத்த வியாபாரி பழனாத்தாள்.
தலைப்பில் நான் 'இளநீர்' என்று எழுதினேன்.
அதே வரியில், அதே இரவில்,
ரம்ஷீனா 'கரிக்கு' என்று எழுதியிருக்கிறாள்.
கிட் இரண்டையும் தடுத்து நிறுத்தியது.
இடப்பக்கம் பார்த்து ஏழு அம்பு,
வலப்பக்கம் பார்த்து ஏழு அம்பு,
நடுவே ஏழு சமக்குறி.
யாருடைய சொல் இருக்க வேண்டும், நீங்களே சொல்லுங்கள் என்று
காத்திருந்தது.
எனக்கு மலையாளம் வரும், அவளுக்குத் தமிழ் வரும்.
மணி மூன்று; இருவருக்கும் தூக்கமும் வந்தது.
ரெண்டும் கிடக்கட்டும் என்று அனுப்பிவிட்டோம்,
அம்புகளை அழிக்க மறந்து.

காலையில் பழனாத்தாள் ஃபோன்.
"ஏனுங் கண்ணு, பேரெல்லாம் நல்லாத்தான் இருக்குது.
அந்த ஏழு அம்பு என்னத்துக்கு?
நாசிக் பார்ட்டி ஆஃபரான்னு கேக்கறான்."
எனக்கு வாய் வரவில்லை.
"ஏழு வாங்குனா ஒண்ணு சும்மான்னு
சொல்லிப்போட்டேன்" என்றார் அவரே.
இருபது நிமிடத்தில் அம்பை அழித்தோம்.
ஆஃபரை அழிக்க முடியவில்லை.

நேற்று நாலு மணிக்குத்தான் பிடிபட்டது.
பக்கத்துக்கு நான் உயரமே கொடுக்கவில்லை.
உயரம் இல்லாத இடத்தில்
பெட்டி எந்த நடுவுக்கு இறங்கும்?
திரையின் முழு உயரத்தையும் கொடுத்தேன்.
சேமித்தேன்.
பெட்டி மெல்லக்கூட இல்லை, ஒரே தாவலில்
நடுவில் வந்து நின்றது.
வெளியே ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தான் ஒருவன்,
எனக்குக் கேட்கவே இல்லை.

பில் வாங்க ஜன்னலுக்கு வந்த டிரைவர்
திரையை எட்டிப் பார்த்தார்.
ஒரு கண்ணை மூடினார்.
"இடப்பக்கம் ஒரு நூல் சாயுதும்மா" என்றார்.

சாய்ந்துதான் இருந்தது.
யாரும் எழுதாத எட்டு பிக்சல் மார்ஜினை
பிரவுசர் தானாகவே வைத்திருந்தது.
அதில் பக்கம் வழிந்து,
வலது ஓரத்தில் ஒரு ஸ்க்ரோல் பட்டை முளைத்து,
பெட்டியை அந்த ஒரு நூல் தள்ளியிருக்கிறது.

சில்லறை கொடுக்கவும் மறந்து
மார்ஜின் பூஜ்யம் என்று அடித்துக்கொண்டிருந்தேன்.
அவர் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி
திரையைப் பார்த்தே சொன்னார்:
"வலது. இன்னும். ம்...
போதும், போதும், ஹேண்ட் பிரேக் போடு."